பயந்தாங்கொள்ளிப் பூனை எப்படி நடுங்குகிறது: கார்ட்டூனின் நேரக்கணக்கு, ஓர் எளிய விளக்கம்

பழைய ஹாலிவுட் கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் தவறாமல் இப்படிச் சொல்வார்: "அந்தக் காலத்தில் ஒரு நொடிக்கு 24 படம் கையாலேயே வரைந்தார்கள், அதனால்தான் அவ்வளவு உயிரோட்டம்." சொல்பவரின் மதிப்பு உண்மையானது. ஆனால் சொல்லும் செய்தி பாதிதான் சரி. பிழையான மறுபாதியை நம்பிக்கொண்டு பார்ப்பதால், அந்தப் படங்களில் எது வியக்கத்தக்கதோ அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வரைந்த படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிரோட்டத்தை அளக்க முடியாது. எந்தப் படம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்ற கணக்குத்தான் உயிரோட்டத்தைத் தருகிறது. அந்தக் கணக்கை, வரையத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, ஒரே ஒரு பூனையை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொள்ளும் பூனை

சக் ஜோன்ஸ் இயக்கி, 1948 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்கேர்டி கேட்' என்ற குறும்படம் சுமார் ஏழு நிமிடம் ஓடும். தலைப்பின் பொருளே 'பயந்தாங்கொள்ளி' என்பதுதான். போர்க்கி பிக் என்ற பன்றி, பாழடைந்த பெரிய வீடு ஒன்றை வாங்கி, தன் பூனை சில்வெஸ்டருடன் இரவில் அங்கே குடிவருகிறது. அந்த வீட்டில் இருப்பவை பாலாடைக்கட்டி திருடும் சாதாரண எலிகள் அல்ல, கொலைகார எலிகள். கட்டிப்போட்ட ஒரு பூனையை ஊர்வலமாக இழுத்துச் செல்கின்றன. ஊர்வலத்தில் முகமூடி அணிந்து கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓர் எலியும் வருகிறது. இவையெல்லாம் சில்வெஸ்டரின் கண்ணில் மட்டுமே படுகின்றன. போர்க்கிக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

எத்தனையோ கார்ட்டூன்கள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேறு இயக்குநர்களின் படங்களில் எச்சில் தெறிக்கப் பேசும் சில்வெஸ்டர், இந்தப் படத்தில் ஒரு வசனமும் பேசுவதில்லை. போர்க்கிக்குக் குரல் கொடுக்க மெல் பிளாங்க் இருந்தார். பூனையின் அச்சத்தைச் சொல்ல உடலசைவும் இசையும் மட்டுமே இருந்தன. அதனால் அசைவு எப்படிப் பொருள் தருகிறது என்பதை இந்தப் பூனையிடம் தெளிவாகக் காணலாம்.

நோட்டுப் புத்தகத்தின் ஓரம்

பள்ளிக்கூட நோட்டின் மூலையில், பக்கத்துக்கு ஒரு பொம்மையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிலையை மாற்றி வரைந்து, கட்டை விரலால் விர்ரென்று புரட்டினால் பொம்மை ஓடுவதைப் பலரும் கண்டிருப்போம். அனிமேஷனின் அடிப்படை முழுவதும் அந்த மூலையிலேயே இருக்கிறது. என் அக்கா மகனுக்கு அப்படி ஒரு பந்து வரைந்து காட்டியபோது, அவன் முதலில் கேட்டது "பந்து ஏன் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகிறது?" என்பதுதான். பெரியவர்கள் பலர் கேட்கத் தவறும் கேள்வி அது. பந்து உயரே போகும்போது தளர வேண்டும், கீழே வரும்போது விரைய வேண்டும்; நான் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடைவெளி விட்டு வரைந்திருந்ததால் பந்துக்குக் கனமே இல்லாமல் போயிற்று.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைப் பார்ப்போம்: அசையாத படங்கள் நமக்கு ஏன் அசைவாகத் தெரிகின்றன?

கண்ணா, மூளையா?

இதற்குப் பெரும்பாலானோர் சொல்லும் விடை, "ஒரு படம் மறைந்த பிறகும் அதன் சாயல் கண்ணின் விழித்திரையில் சற்று நேரம் தங்கிவிடுகிறது, அடுத்த படம் அதனோடு ஒட்டிக்கொள்கிறது" என்பதாகும். பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1824ஆம் ஆண்டு, செங்குத்தான இடைவெளிகள் வழியாகப் பார்க்கும்போது உருளும் சக்கரத்தின் ஆரைகள் வளைந்து தெரிவதைப் பற்றி அறிஞர் அவையில் ஒரு கட்டுரை வாசித்தார். அதிலிருந்து கிளைத்து வளர்ந்த இந்த விளக்கம், பாடப்புத்தகங்கள் வரை இடம்பிடித்துவிட்டது. ஆனால் சற்று யோசித்தால் அதன் குறை தெரியும். சாயல்கள் கண்ணில் தங்கி ஒன்றன்மேல் ஒன்று படிவது மட்டுமே நடந்தால், நமக்குத் தெரிய வேண்டியது கலங்கலான ஒரு குவியல்தான். ஓடும் பூனை அன்று.

உண்மையில் நடப்பது வேறு. ஓரிடத்தில் ஓர் உருவமும், சற்றுத் தள்ளி அதே போன்ற மற்றோர் உருவமும் மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துத் தோன்றினால், 'இது அங்கிருந்து இங்கே நகர்ந்தது' என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கு வழிகாட்டியது. இதைத் தோற்ற அசைவு என்று அழைக்கலாம்: நகராத இரண்டு படங்களுக்கு நடுவே மூளை தானே கட்டிக்கொள்ளும் அசைவு. பொருட்காட்சி அலங்கார விளக்குகள் வரிசையாக அணைந்து எரியும்போது ஒளி 'ஓடுவதாக' நாம் காண்பதும் இதனால்தான். எந்த விளக்கும் இடம் மாறவில்லை.

பழைய விளக்கத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஒளி விட்டு விட்டு வந்தாலும் தொடர்ச்சியாகத் தெரிவதற்குக் கண்ணின் தாமதம் உதவுகிறது. திரையரங்கப் புரொஜெக்டரில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை மறைத்துத் திறந்து காட்டியதும், ஒளியின் துடிப்பு உறுத்தாமலிருக்கத்தான். ஒளி துடிக்காமல் தெரிவது ஒன்று, உருவம் நகர்வதாகத் தெரிவது இன்னொன்று; இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பிழைக்குக் காரணம்.

இதுவரை சொன்னதன் சாரம்: திரையில் அசைவு என்று எதுவும் கிடையாது, படங்கள்தான் இருக்கின்றன; அசைவைப் பார்ப்பவரின் மூளை செய்துகொள்கிறது. ஆகவே கார்ட்டூன் வரைபவரின் வேலை, மூளைக்கு எந்தப் படத்தை எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதாகும்.

24 பிரேம், ஆனால் 24 படம் அல்ல

திரைப்படச் சுருளில் உள்ள ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் பிரேம் என்று பெயர். ஊமைப்பட நாட்களில் வேகம் படத்துக்குப் படம் மாறியது. ஒலியையும் அதே சுருளில் பதிக்கத் தொடங்கியபோது, வேகம் கூடினாலோ குறைந்தாலோ குரல் கீச்சிடும் அல்லது இழுபடும் என்பதால், ஒரு நொடிக்கு 24 பிரேம் என்று நிலைப்படுத்தினார்கள். ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 பிரேம் தேவை. இந்த எண்ணிலிருந்துதான் "பத்தாயிரம் படம் வரைந்தார்கள்" என்ற பேச்சு பிறக்கிறது.

பிரேம் என்பது நேரத்தின் அலகு. படம் என்பது வரைந்த தாள். ஒரே தாளைக் கேமராவின் கீழே வைத்து எத்தனை பிரேம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வாடகை வீட்டில் ஒரு மாதம் தங்கினாலும் ஒரு வருடம் தங்கினாலும் அது ஒரே குடும்பம்தானே. அதுபோல ஒரு தாள் ஒரு பிரேமில் தங்கலாம், இரண்டில் தங்கலாம், இருபதிலும் தங்கலாம்.

ஒவ்வொரு தாளையும் ஒரே ஒரு பிரேம் எடுத்தால் அதை ஒற்றை என்றும், இரண்டு பிரேம் எடுத்தால் இரட்டை என்றும் இக்கட்டுரையில் சொல்வேன். இரட்டையாக எடுக்கும்போது நொடிக்கு 12 தாள் போதும். அக்காலப் படங்களில் சாதாரண அசைவுகள் பெரும்பாலும் இரட்டையில்தான் வந்தன. மிக விரைவான ஓட்டம், கேமரா பக்கவாட்டில் நகரும்போது பாத்திரம் நடப்பது போன்ற இடங்களில் ஒற்றைக்கு மாறினார்கள். பணம் மிச்சமானது என்பது ஒரு காரணம். ஆனால் மெதுவான அசைவுகளுக்கு இரட்டையே பல நேரங்களில் தெளிவாகவும் திடமாகவும் இருக்கும் என்பதும் கைதேர்ந்தவர்கள் அறிந்ததே.

ஒரு தாள் பல பிரேம்களுக்கு அசையாமல் நிற்பதை நிறுத்தம் எனலாம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் அச்சம் பெரிதும் இதைச் சார்ந்தது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மிருதங்கத்தில் ஒரு சொற்கட்டுக்கும் அடுத்த சொற்கட்டுக்கும் நடுவே விடும் கார்வையில் கை அடிப்பதில்லை; ஆனாலும் தாளம் நடந்துகொண்டே இருக்கிறது, கேட்பவரின் எதிர்பார்ப்பு அந்த இடத்தில்தான் கூடுகிறது. நிறுத்தம் என்பது திரையின் கார்வை.

முதன்மைப் படமும் இடைப்படமும்

பூனை தலையைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் பார்க்கும் நிலையும் வலப்பக்கம் பார்க்கும் நிலையும் கருத்தைச் சுமப்பவை. இவை முதன்மைப் படங்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் வருபவை இடைப்படங்கள். முதன்மைப் படங்களைத் தேர்ந்த அனிமேட்டரும், இடைப்படங்களை உதவியாளர்களும் வரைவது வழக்கம். ஜோன்ஸின் குழுவில் லாயிட் வான், கென் ஹாரிஸ், ஃபில் மன்றோ, பென் வாஷம் ஆகியோர் இந்தப் படத்தின் அனிமேட்டர்கள். ஜோன்ஸோ முக்கியமான முகபாவங்களையும் நிலைகளையும் தானே ஏராளமாக வரைந்து அவர்களிடம் கொடுக்கும் வழக்கம் உள்ளவர். இதனால் நான்கு பேரின் கையில் பிறந்தாலும் பூனையின் அச்சம் ஒரே முகத்தில் இருந்தது.

இப்போது என் அக்கா மகனின் கேள்விக்குத் திரும்பலாம். இடைப்படங்கள் எத்தனை என்பது மட்டும் போதாது. அவை எங்கே அமர்கின்றன என்பதும் முக்கியம். நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அங்குலம் அங்குலமாக நகர்கிறது, பிறகு வேகம் பிடிக்கிறது, அடுத்த நிறுத்தம் நெருங்கியதும் மறுபடி தளர்கிறது. இதை ஐந்து தாளில் காட்ட வேண்டுமானால், இரண்டு முனைகளிலும் தாள்களை நெருக்கமாகவும் நடுவில் தள்ளித் தள்ளியும் வரைய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் உருவம் நகர்ந்திருக்கும் தூரமே இடைவெளி. இடைவெளி குறைந்தால் அசைவு மெதுவாகவும், கூடினால் விரைவாகவும் தெரியும். கனமும் தயக்கமும் பதற்றமும் இடைவெளியின் வழியாகவே பார்ப்பவருக்குப் போய்ச் சேருகின்றன.

சுருக்கமாக: பிரேம் எண்ணிக்கை நேரத்தைத் தருகிறது, இடைவெளி வேகத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்த கணக்கையே நேரக்கணக்கு என்று தலைப்பில் குறிப்பிட்டேன்.

அச்சம் பிறக்கும் இடம்

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, தரை வந்துவிட்டதை உணர்ந்து திடுக்கிட்டிருப்பீர்கள். அந்தக் கணத்தைப் பிரித்துப் பார்த்தால், முதலில் ஒன்றும் புரியாத ஒரு வெறுமை, அதற்குப் பிறகே உடம்பின் குலுக்கல், அதன் பின்பே இதயத்தின் படபடப்பு. நிகழ்ச்சியும் உணர்வும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அச்சத்துக்கு ஒரு தாமதம் உண்டு. நல்ல அனிமேட்டர் இந்தத் தாமதத்தைத்தான் முதலில் வரைகிறார்.

பூனை, கோடரி ஏந்திய எலியைப் பார்த்துவிட்டு ஓடும் ஒரு காட்சிக்கு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்தது. ஜோன்ஸின் படத்திலிருந்து எடுத்த கணக்கு அன்று.

பூனை தலையைத் திருப்ப 6 பிரேம் ஆகிறது; இரட்டையில் எடுத்தால் 3 தாள். எலியைப் பார்த்தபடி அப்படியே நிற்பது 16 பிரேம். அதற்கு ஒரே தாள். பிறகு உடம்பு கீழே சுருங்குகிறது, கண் இறுக மூடுகிறது, தோள் காதோடு ஒட்டுகிறது: 5 பிரேம், ஒற்றையில் 5 தாள். உடனே உடம்பு மேல்நோக்கி நீண்டு, கண் பிதுங்கி, மயிர் குத்திட்டு நிற்கிறது: 3 பிரேம், 3 தாள். அதே நிலையில் ஒரு நொடி, அதாவது 24 பிரேம், நடுங்குகிறது: 2 தாள். கடைசியாக 4 பிரேமில், 4 தாளில், திரையை விட்டே மறைந்துவிடுகிறது. கூட்டினால் 58 பிரேம், ஏறக்குறைய இரண்டரை நொடி. வரைந்தவை 18 தாள்கள். "நொடிக்கு 24 படம்" என்ற பேச்சுப்படி இதற்கு 58 தாள்கள் வேண்டும். 18 தாளில் கிடைக்கும் அச்சம் 58 தாளில் கிடைக்காது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த 16 பிரேம் நிறுத்தம். கோடரியை நாமும் பார்த்துவிட்டோம், பூனையும் பார்த்துவிட்டது. பூனையின் மூளைக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில், 'ஐயோ, ஓடு' என்று பார்ப்பவர் மனத்துக்குள் சொல்லிவிடுகிறார். நிறுத்தத்தை 4 பிரேமாகக் குறைத்துப் பாருங்கள்: எச்சரிக்கையும் சுறுசுறுப்பும் உள்ள, ஆபத்தை உடனே உணரும் பூனை ஒன்று கிடைக்கும். அதை நாம் மெச்சுவோம், அதற்காகப் பதற மாட்டோம். 40 பிரேமாக நீட்டினால் மந்தபுத்திப் பூனை வந்துவிடும். தாள் மூன்றிலும் ஒன்றேதான். எண் மாறியதும் குணமே மாறிவிடுகிறது.

அடுத்தது, மேலே எழும்புவதற்கு முன்பு கீழே சுருங்குவது. எந்தப் பெரிய அசைவுக்கும் முன்னால் அதற்கு எதிர்த் திசையில் வரும் சிறு அசைவை முன்னசைவு என்பார்கள். குதிப்பவர் முதலில் முழங்காலை மடக்குகிறார், கல்லெறிபவர் கையைப் பின்னால் இழுக்கிறார். கார்ட்டூனில் இதற்கு இரண்டு பயன்கள். உடம்புக்கு விசை வந்த இடத்தை அது காட்டுகிறது. அடுத்து வரப்போகும் மூன்று பிரேம் வெடிப்பைத் தவறவிடாமலிருக்கப் பார்ப்பவரின் கண்ணை அந்த இடத்துக்கு இழுத்து வைக்கிறது. மூன்று பிரேம் என்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு. கண்ணைத் தயார்படுத்தாமல் அவ்வளவு விரைவான ஒன்றைக் காட்டினால் அது வீணாகிவிடும்.

பிறகு நடுக்கம். ஒரே நிலையில் நிற்கும் பூனையை, கோடு சற்று இடப்பக்கம் விலகிய ஒரு தாளிலும் சற்று வலப்பக்கம் விலகிய மற்றொரு தாளிலும் வரைந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஒற்றையில் எடுத்தால், உடம்பு நொடிக்கு 12 முறை ஆடும். அது உதறல். அதே இரண்டு தாள்களை இரட்டையில் எடுத்தால் நொடிக்கு 6 முறை. இப்போது அது குளிரில் நடுங்குவதாகவோ சிரிப்பில் குலுங்குவதாகவோ தோன்றும். நான்கு நான்கு பிரேமாக எடுத்தால் நொடிக்கு 3 முறை. அது தலையாட்டல் ஆகிவிடும். மரண பயத்துக்கும் தலையாட்டலுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு, ஒரு தாள் எத்தனை பிரேம் தங்குகிறது என்பதே. இந்த இடத்தை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில், அதுவரை பார்த்திருந்த எல்லாக் கார்ட்டூன்களையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

கடைசியில் மறைவது. பூனை ஓடுவதை முழுவதுமாக வரையத் தேவையில்லை. புறப்படும் முன்னசைவை நன்றாகக் காட்டிவிட்டால், இரண்டு மூன்று நீண்ட தீற்றல்களும் காலியான தரையும் போதும். மீதி ஓட்டத்தை மூளை முடித்துக்கொள்ளும். உருவத்தைத் தீற்றலாக இழுத்து, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவ வைக்கும் உத்தியை ஜோன்ஸ் 1942இலேயே 'தி டோவர் பாய்ஸ்' என்ற குறும்படத்தில் துணிந்து கையாண்டிருந்தார்.

வெறுமையையும் அவர் எண்ணி வைத்தார். அவருடைய கயோட்டி என்ற ஓநாய்ப் பாத்திரம் மலை உச்சியிலிருந்து விழும் காட்சிகளைப் பற்றி அவர் பின்னாளில் சொன்ன கணக்கு புகழ்பெற்றது: தூரத்தில் புள்ளியாகச் சுருங்கி மறைய 18 பிரேம், அதற்குப் பின் தரையில் புழுதி கிளம்ப 14 பிரேம். அந்த 14 பிரேமில் திரையில் எதுவும் நடப்பதில்லை. சிரிப்பு அங்கேதான் ஊறுகிறது.

கண்ணாடித் தாளும் கட்டத் தாளும்

இந்தக் கணக்கெல்லாம் எங்கே எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் பின்னணி வீட்டை மறுபடி மறுபடி வரைவதைத் தவிர்க்க, ஒளி ஊடுருவும் தாளில் பாத்திரத்தை மட்டும் வரைந்து பின்னணி ஓவியத்தின்மேல் வைக்கும் முறைக்கு 1914இல் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தத் தாளுக்கு செல் என்று பெயர். காகிதத்தில் பென்சிலால் வரைந்த படத்தை, பெரும்பாலும் பெண்களே பணியாற்றிய தனிப் பிரிவு ஒன்று செல்லில் மையால் படியெடுத்து, பின்பக்கத்தில் வண்ணம் தீட்டியது. பூனையின் உடம்பு ஒரு செல்லிலும் தலை மற்றொரு செல்லிலும் இருக்கலாம். உடம்பு நிறுத்தத்தில் இருக்க, தலை மட்டும் திரும்பலாம். ஆகவே ஒரு பிரேமின் உள்ளேயே ஒரு பகுதி புதிதாகவும் மறு பகுதி பழையதாகவும் இருந்தது.

எந்தப் பிரேமில் எந்தச் செல் என்பதை வரிசை வரிசையாகக் குறித்த கட்டத் தாள் ஒன்று ஒவ்வொரு காட்சிக்கும் உண்டு. கேமராக்காரர் அதைப் பார்த்தே ஒவ்வொரு பிரேமாக எடுத்தார். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் நிறைய எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிச் சேர்க்கலாம். கார்ட்டூனில் ஒவ்வொரு நொடியும் பலருடைய உழைப்பு. வெட்டி எறிய யாருக்கும் மனமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் வார்னர் நிறுவனத்தில் இயக்குநரே படம் முழுவதற்கும் நேரத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார். ஒரு கோடும் வரையப்படுவதற்கு முன்பே, பூனை எத்தனை பிரேம் உறைந்து நிற்கும் என்பது எழுதப்பட்டிருந்தது.

எலிகளின் தாளம்

பூனையின் அச்சம் தனியாக நின்றால் எடுபடாது. எதிரே வேறு ஒரு கணக்கு வேண்டும். எலிகள் சிறியவை, எனவே அவற்றின் அசைவில் கனம் குறைவு, இடைவெளி சீரானது, தயக்கம் என்பதே கிடையாது. பூனையின் அசைவில் ஒவ்வொரு நொடியும் தட்டுத்தடுமாறும். எலிகளோ தங்கள் வேலையைத் தாளம் தப்பாமல் செய்துகொண்டு போகும். கொலைகாரர்கள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதுதான் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது, சற்றே சில்லிடவும் வைக்கிறது.

தாளம் என்று சொன்னது வெறும் உவமை அன்று. ஒரு காலடிக்கு 12 பிரேம் என்று வைத்தால் நொடிக்கு இரண்டு அடி, நிமிடத்துக்கு 120. ராணுவ அணிவகுப்பின் நடை ஏறக்குறைய அதுதான். 8 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 180, குறுகிய கால்களின் ஓட்டநடை. 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 60, சவ ஊர்வலத்தின் நடை. பிரேமை எண்ணினாலே லயம் கிடைத்துவிடுவதால், இசையமைப்பாளரும் இயக்குநரும் ஒரே எண்ணில் பேசிக்கொள்ள முடிந்தது. இந்தப் படத்துக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், 1936 முதல் 1958 வரை வார்னர் கார்ட்டூன்களுக்கு இசை தந்தவர். இசைக் கலைஞர்களின் காதில் சீரான 'டிக்' ஒலியை ஒலிக்கவிட்டு, படத்தின் பிரேம் கணக்கோடு பிசகாமல் வாசிக்க வைக்கும் முறையை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மூன்றாவதாகப் போர்க்கியின் கணக்கு. அவனுடைய நடை, பேச்சு, கொட்டாவி எல்லாமே நிதானம். எலிகளின் சீரான தாளத்துக்கும் பூனையின் உதறலுக்கும் நடுவே, எதுவும் நடக்காதது போன்ற அந்த நிதானத்தை வைத்ததால்தான், 'இவனுக்கு எப்படிப் புரியவைப்பது' என்ற பூனையின் தவிப்பு நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே திரையில் மூன்று வேறு நேரங்கள் ஓடுகின்றன என்று சொன்னாலும் தகும்.

வழவழப்பு என்னும் பிழை

இதுவரை வந்தவர்களுக்கு, இன்றைக்குப் பரவலாக நடக்கும் ஒரு தவறு ஏன் தவறு என்பது எளிதில் விளங்கும். பழைய கார்ட்டூன்களை நொடிக்கு 60 பிரேமாக மாற்றி, "இப்போது இன்னும் அழகு" என்று வெளியிடுகிறார்கள். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றிலும், இரண்டு பிரேம்களுக்கு நடுவே தானாகவே புதுப் பிரேம்களைச் செய்து நுழைக்கும் வசதி வாங்கும்போதே இயக்கப்பட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் பலரும் அதை விரும்புகிறார்கள். விளையாட்டு ஒளிபரப்புக்கு அது பொருந்தலாம்.

கார்ட்டூனில் நடப்பதைப் பாருங்கள். சுருங்கிய பூனைக்கும் நீண்ட பூனைக்கும் நடுவே அனிமேட்டர் வேண்டுமென்றே விட்ட தாவலை இயந்திரம் 'குறை' என்று எண்ணி நிரப்புகிறது. வெடிப்பு, வழுக்கலாக மாறுகிறது. இரண்டு தாள்களின் மாறுதலால் வந்த உதறலுக்கு நடுவே மங்கலான இடைப்படங்கள் புகுந்து, பூனை நடுங்காமல் தளும்புகிறது. தீற்றல்கள் கறைகளாகத் தெரிகின்றன. இடைப்படம் எங்கே வேண்டாம் என்பதும் கலைஞர் எடுத்த முடிவுதான். இயந்திரம் அந்த முடிவை அழித்துவிடுகிறது. தொலைக்காட்சியின் பட அமைப்புப் பகுதிக்குப் போய் அந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள் என்று, எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன், உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து தொலைக்காட்சிக்காக மிகக் குறைந்த தாள்களில் செய்யப்பட்ட கார்ட்டூன்களை, தாள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மட்டம் என்று ஒதுக்குவது. அவற்றில் பலவீனமானவை நிறைய உண்டு என்பது உண்மையே. ஆனால் பலவீனம் நிறுத்தங்கள் அதிகமாக இருந்ததால் வரவில்லை. எங்கே நிறுத்துவது என்ற யோசனை குறைந்ததால் வந்தது. நிறுத்தம் நிறைந்த 'தி டோவர் பாய்ஸ்' இன்றும் துள்ளலாக இருப்பதே அதற்குச் சான்று.

எண்ணிப் பார்க்க ஓர் இடம்

பெரும்பாலான காணொளி இயக்கிகளில் படத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பிரேமாக நகர்த்த முடியும். அப்படிப் பார்ப்பதற்கு 'ஸ்கேர்டி கேட்' படத்தின் பிற்பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. பூனையின் பயம் வீண் பயம் என்று காட்டுவதற்காகப் போர்க்கி தானே தனியாகப் போகிறான். அடுத்து நாம் பார்க்கும்போது, கையும் வாயும் கட்டப்பட்ட நிலையில் எலிகள் அவனை ஊர்வலமாக இழுத்துக்கொண்டு போகின்றன. அவன் ஒரு பலகையைப் பிடித்திருக்கிறான். 'நீ சொன்னது சரிதான், சில்வெஸ்டர்' என்று அதில் எழுதியிருக்கிறது.

எழுத்தைக் காட்டும் காட்சியில் பார்ப்பவர் படித்து முடிக்கும் நேரத்தையும் இயக்குநர் கணக்கில் சேர்க்க வேண்டும். படித்து முடிக்கும் முன் பலகை மறைந்தால் நகைச்சுவை போய்விடும். படித்த பிறகும் வெகு நேரம் நின்றால் சிரிப்பு ஆறிவிடும். பலகை முழுவதும் தெரியத் தொடங்கும் பிரேமிலிருந்து அது மறையும் பிரேம் வரை எண்ணி, வந்த எண்ணை 24ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வாசகத்தை ஒரு முறை வாய்க்குள் படித்து, உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தில் பாருங்கள்.